ஆய்வுகூடத்தில் ஓர் எலி

அணுவிசை நுணுக்குக்காட்டி பெயரளவில்தான் நுணுக்குக்காட்டி. அதில் உருப்பெருக்கும் வில்லை கிடையாது. இசைத்தட்டின் மேல் ஊசி ஓடுவதைப்போல, கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஊசிமுனை பொருளின் மேற்பரப்பை வரி வரியாகத் தடவிச் செல்லும். ஊசி ஏறி இறங்குவதைக் கணினி குறித்துக்கொண்டு, மேடு பள்ளங்களைப் படமாக்கித் தரும். ஒரு வரிக்கு ஒரு செக்கன். ஒரு படம் முடிய நான்கு நிமிடத்துக்கு மேலாகும். அந்த நான்கு நிமிடமும் சுற்றியுள்ள உலகம் அசையாமல் இருக்கவேண்டும்.

இத்தகைய கருவியை நாங்கள் வெள்ளவத்தையில் வைத்தோம்.

எங்கள் ஆய்வு நிலையம் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசிக் கட்டடம். அதற்கு அப்பால் தண்டவாளம், பிறகு கருங்கற்கள், பிறகு கடல். ரயில் வரும்போது சன்னல் கண்ணாடிகள் அதிரும். போதாக்குறைக்குப் பக்கத்து வளவில் ஒரு தொடர்மாடி எழும்பத் தொடங்கியிருந்தது. போருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த சனத்துக்குக் கூரை வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் அதற்கு வழி செய்தார்கள். இதெல்லாம் எனக்கு விளங்காமலில்லை. ஆனால் அத்திவாரத் தூண்களை நிலத்துக்குள் இறக்கும் அந்த இடி, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை ஒன்றரைச் செக்கனுக்கு ஒன்றாக என் படங்களில் கோடு கிழித்தது. ஒப்பந்தகாரரிடம் இரண்டு முறை போய்க் கதைத்தேன். இரண்டாம் முறை அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, தேநீர் தந்து அனுப்பினார்.

கருவி எங்களுடையதன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஓராண்டு இரவலாகத் தந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆண்டு முடிவதற்குள் பிரசுரிக்கத் தகுந்த ஒரு படமாவது எடுக்கவேண்டும், இல்லையெனில் கருவி வேறொரு நாட்டுக்குப் போய்விடும், எங்களோடு செய்த ஒப்பந்தமும் முடிந்துவிடும். மனித இரத்தத்தின் செங்குழியத்தை இரசாயனத்தில் இறுக்கிக் கொல்லாமல், உப்புக் கரைசலில் உயிரோடு வைத்துப் படமெடுப்பேன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்குள்ள பேராசிரியர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்: உங்கள் சூழ்நிலையில் அது சாத்தியமில்லை என்று அஞ்சுவதாக. அந்த மரியாதைதான் என்னை வதைத்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் போய்விட்ட நகரத்தில் நான் தங்கியிருந்தேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. எனக்கு அந்த ஒரு படம் வேண்டும்.

செங்குழியம் என் மனைவியுடையது. அவள் முப்பது வருடம் தாதியாக இருந்தவள். பயிற்சிக் காலத்தில் மாணவிகள் ஒருவர் இரத்தத்தை மற்றவர் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தபோது, அவளுடைய செங்குழியங்கள் மட்டும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் கிடந்தனவாம். பரம்பரையாக வருவது, அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் அதன் சவ்வு எப்படி அந்த வடிவத்தைத் தாங்குகிறது என்பது பௌதிகம் படித்த எவனுக்கும் நல்ல கேள்வி. முப்பது வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்த கேள்வி என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன்.

"இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதோ?" என்றாள்.

உயிருள்ள கலம் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிய இரத்தம் வேண்டும். ஆரம்பத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளே தன் விரலில் குத்தி, சிறு குப்பியில் எடுத்துத் தருவாள். அதை ஒரு பிளாஸ்கில் வைத்துக்கொண்டு நான் மட்டக்குளியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறுவேன். வெள்ளவத்தைக்குள் நுழையுமுன் ஒரு சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபடி ஏறவேண்டும். மூன்றாம் நாள் ஒரு சிப்பாய் பிளாஸ்கைத் திறக்கச் சொன்னான். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மொனவாத மே?" இது என்ன என்று கேட்டான்.

"லே," என்றேன். இரத்தம். பொய் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவன் குப்பியைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தான். "காகே லே?" யாருடைய இரத்தம்?

"மகே நோனாகே."

என் மனைவியின் இரத்தம் என்று ஓர் ஐம்பத்தெட்டு வயதுத் தமிழன், காலை ஏழரை மணிக்கு, மண்மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. பஸ் என்னை விட்டுப் போயிற்று. நிலையத்தின் கடிதத்தைக் காட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அதிகாரி ஒருவர் வந்து கடிதத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நோனா கோ?" என்றார். மனைவி எங்கே? அவளை உயிரோடு கண்டாலொழிய என்னை விடுவதாக இல்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவள் முச்சக்கர வண்டி பிடித்து வந்துசேரப் பத்தரை மணி. குத்திய விரலைக் காட்டினாள். அதிகாரிக்கு ஓய்வுபெற்ற தாதி என்பதற்கான அட்டையையும் காட்டி, அவருடைய தாயாரின் சலரோகம் பற்றிச் சிங்களத்தில் பத்து நிமிடம் கதைத்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் இருந்த குப்பிக்குள் என் கலங்கள் வெடித்துக் கரைந்துகொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ," என்றாள், நாங்கள் காலி வீதியோரம் நடக்கையில். "குப்பியில கொண்டுபோனாத்தானே கேக்கிறாங்கள். நானே வாறன். எனக்குள்ள இருக்கிறதுக்கு ஆர் கடிதம் கேக்கப்போறான்?"

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவள் என்னோடு வந்தாள். இரத்தம் அவளுக்குள்ளேயே பயணம் செய்து, சாவடியில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, மறுபடி பஸ் ஏறியது. அந்தச் சிப்பாய்க்கு அவளைப் பழகிப்போயிற்று. "லே நோனா," இரத்த அம்மணி, என்று கூப்பிடுவான். அவள் கோபிக்கவில்லை, விரலை உயர்த்திக் காட்டுவாள். எனக்குத்தான் கோபம் வரும்.

அதிர்வைத் தடுக்க நாங்கள் செய்த ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். முறையான தனிமைப்படுத்தும் மேசையை வாங்க நிலையத்துக்கு வழியில்லை. கனமான ஒரு கல்லை இறப்பரில் தொங்கவிட்டு, அதன்மேல் கருவியை வைத்தால் நிலத்தின் நடுக்கம் பெரும்பாலும் கல்லை எட்டாது. இது எல்லா நாட்டிலும் ஏழை ஆய்வுகூடங்கள் செய்வது. கல் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் குசினி மூலையைக் காட்டினாள். கிரைண்டர் வாங்கிய நாளிலிருந்து அவள் தொடாத அம்மி.

"கொண்டுபோங்கோ. துலைஞ்சுது சனி."

எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் தெஹிவளையைச் சேர்ந்த முஸ்லிம். நாற்பது வயதிருக்கும். கையில் எதைக் கொடுத்தாலும் இயங்க வைப்பவர். வாயை மூடத் தெரியாதவர். அவர்தான் இரும்புச் சட்டம் ஒன்று செய்து, நான்கு சைக்கிள் டியூப்களில் அம்மியைத் தொங்கவிட்டார். வேலை முடிந்ததும் எட்ட நின்று பார்த்தார்.

"சேர், வெளிநாட்டுக்காரன் இத போட்டோ எடுத்துக் கேட்டா என்ன செல்ற?"

"கருங்கல் என்று சொல்வோம்."

"மேல மஞ்சள் கறையெல்லாம் ஈக்குதே சேர்."

ஏற்பாடு வேலை செய்தது, ஓரளவுக்கு. ரயில் போனால் படத்தில் அகலமான பட்டை விழும். தூண் இடி ஒழுங்கான கோடு. காலி வீதியில் பஸ் வேகமெடுத்தால் ஒரு மெல்லிய நெளிவு. மாதம் ஒன்றுக்குள் கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். குளிரூட்டியின் மோட்டாரும் மின்விசிறியும் தனித்தனிக் கையெழுத்து வைத்திருந்தன. படமெடுக்கையில் இரண்டையும் நிறுத்திவிடுவோம். கட்டடத் தொழிலாளர் தேநீர் குடிக்கும் நேரமும் ரயில் இல்லாத நேரமும் ஒன்றுசேருவது முற்பகலில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகவே என் நாள் முழுவதும் ஓடியது.

அதைத்தான் அவள் தாமதமாக்கினாள். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒழுங்கை இறங்க ஐந்து நிமிடம் போதும். அவள் பன்னிரண்டு எடுப்பாள். புடைவைக் கடைக் கண்ணாடி முன் நிற்பாள். சைவக் கடையில் வடை வாங்குவாள். வாங்கிக்கொண்டு கடைக்காரருடன் ஊர்ப் புதினம் கதைப்பாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முன்னே போய் நிற்பேன்.

"இந்தக் கடையை நீர் போன கிழமையும் பார்த்தனீர்."

"போன கிழமை நீலம் தொங்கினது. இப்ப பச்சை."

"தேத்தண்ணி நேரம் முடியப்போகுது."

"நீங்கள் நடவுங்கோப்பா. நான் வாறன். கால் கொஞ்சம் நோகுது."

வயது போனால் கால் நோகும். எனக்கும்தான் நொந்தது.

அவள் வரத் தொடங்கிய இரண்டாம் வாரம் படங்களில் புதிதாக ஒன்று தோன்றியது. மிகச் சிறிய முட்கள், வரிக்கு ஒன்று, சில வரிகளில் இரண்டு. ரயிலுமில்லை, இடியுமில்லை. அவை ஒழுங்காக வந்திருந்தால் எந்த மோட்டார் என்று கண்டுபிடித்திருப்பேன். இவை அப்படி வரவில்லை. இரண்டு முட்கள், ஒரு வெறுமை, பிறகு நெருக்கமாக மூன்று, பிறகு மறுபடி ஒரு வெறுமை. ஓர் ஒழுங்குக்குள்ளும் அடங்காத, ஆனால் விடாப்பிடியான ஏதோவொன்று. முட்டை வடிவக் கலத்தின் மிக நேர்த்தியான விளிம்பின் மேலேயே அது புள்ளி குத்தியது. வடிகட்டும் கணிப்புகளைப் போட்டுப் பார்த்தேன். ஒழுங்கில்லாத இரைச்சலை வடிகட்டினால் கலத்தின் விளிம்பும் சேர்ந்து தேய்ந்துபோகும். ஒரு கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று.

"எலி, சேர்," என்றார் உத்தியோகத்தர். "சட்டத்துக்குக் கீழ ஓடித் திரியுது. டியூப்பக் கடிக்கிற போல."

எனக்கும் அது பொருந்துவதாகப்பட்டது. எலிப்பொறி ஒன்று வாங்கிக் கருவாட்டுத் துண்டு வைத்தோம். ஆய்வுகூடம் நாறியது. எலி அகப்படவில்லை. தேங்காய்ச் சொட்டு வைத்தோம். அதுவும் அப்படியே காய்ந்தது. ஒருநாள் அவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார்.

"சேர், ஒரு புதினம். இந்த எலி செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தான் வருது. மேடம் வாற நாள். மத்த நாள் சும்மா கண்ணாடித் தகட்ட எடுக்கிற படத்தில இல்ல."

நான் விஞ்ஞானி, உடனே காரணம் கண்டேன். வடை. அவள் கொண்டுவரும் வடையின் மணத்துக்கு எலி வருகிறது. அடுத்த செவ்வாய் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: ஆய்வுகூடத்துக்குள் வடை வரக்கூடாது.

"எலிக்கும் எனக்கும் ஒரே வாய் எண்டு சொல்லுறியள்," என்றாள். ஆனால் நிறுத்திவிட்டாள். அதன்பிறகு அவள் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எலி நிற்கவில்லை.

ஆண்டின் கடைசி மாதம் வந்தது. எங்களிடம் கோடு விழுந்த படங்கள் கோப்புக் கோப்பாக இருந்தன. தகுந்தது ஒன்றுகூட இல்லை. ஊசிமுனைகளில் இரண்டுதான் மிச்சம். கருவியைக் கட்டி அனுப்பும் பெட்டியை உத்தியோகத்தர் கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது நான் அவரோடு தேவையில்லாமல் சினந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்து சிறிது நேரத்தில் நகரத்தின் எங்கோ ஒரு பகுதியில் ஏதோ நடந்தது. அந்த நாட்களில் முதலில் செய்தி வராது. முதலில் சத்தங்கள் நிற்கும். ரயில் நின்றது. காலி வீதியை மூடினார்கள். கட்டட வேலைக்காரரை ஆமி வரிசையில் நிறுத்தி அட்டை பார்த்தது, இடி நின்றது. எங்களையும் வெளியே போகவேண்டாம் என்றார்கள். உத்தியோகத்தர் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் பாடசாலையில். அவரிடம் ஊசியைப் பொருத்தச் சொன்னேன் என்பதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் வானொலியைக் கீழே வைத்துவிட்டுப் பொருத்தினார்.

ஓராண்டாக நான் வேண்டிய அமைதி அது. வரி வரியாகக் கலம் எழுந்துவந்தது, முட்டையின் தோள்போல ஒரு வளைவு. அதன் மேல் முட்கள். இரண்டு, வெறுமை, மூன்று.

"எலி!" என்றேன். உத்தியோகத்தர் தரையில் முழங்காலிட்டுப் பொறியைப் பார்த்தார். "இல்ல சேர். தேங்கா அப்பிடியே ஈக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். குளிரூட்டி இல்லை, விசிறி இல்லை. புழுக்கம். என் மனைவி சட்டத்துக்குப் பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுடைய இடது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, அம்மியின் ஓரத்தில் கிடந்தது.

"கல்லில கை வைக்கிறீரா? இவ்வளவு நாளும் வைச்சனீரா?"

அவள் கண்ணைத் திறந்தாள். "குளிரா இருக்கப்பா கல்லு."

"எட்டு மாதம்! எட்டு மாதமா நான் எலி பிடிக்கிறன்!"

"என்ர அம்மியில நான் கை வைக்கக் கூடாதோ?"

உத்தியோகத்தர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைகளின் கவலைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. கையை எடுத்து மடியில் வைக்கச் சொன்னேன். கை நடுக்கம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. ஊசியை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். நான்கு நிமிடத்தில் ஒரு மாசுமில்லாத படம் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் மூன்று.

அவள் மெல்ல எழும்பி வந்து திரையைப் பார்த்தாள். "இதுதானோ நான்?"

"உம்முடைய ஒரு கலம்."

"ஆடாம அசையாமக் கிடக்குது," என்றாள். "சரி. முடிஞ்சுதுதானே? இனி நான் வரத் தேவையில்லையே?"

பின்னேரம் பாதை திறந்தார்கள். உத்தியோகத்தரின் பிள்ளைகள் பத்திரமாக இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்காரர் எவரும் கொட்டாஞ்சேனைப் பக்கம் வர ஒப்பவில்லை. பம்பலப்பிட்டிவரை நடந்தோம். அவள் மூன்று இடத்தில் பூட்டிய கடைகளின் படியில் அமர்ந்தாள். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வீதியைப் பார்த்தேன். மகிழ்ச்சியான மனிதன் காத்திருப்பதில் ஒரு பொறுமையின்மை உண்டு. அது எனக்கு நிறைய இருந்தது. பேராசிரியருக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வசனத்தை அவளிடம் சொல்லிக் காட்டினேன். "நல்லாயிருக்கு," என்றாள், மூச்சை இழுத்துக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் இளையவர், அமைதியானவர். ஈ.சி.ஜி. எடுத்த நீளத் தாளை மேசையில் விரித்து எனக்கு விளக்கத் தொடங்கினார். அவர் வாய் திறக்குமுன் நான் அதைப் படித்துவிட்டேன். இரண்டு முட்கள், ஒரு வெறுமை, நெருக்கமாக மூன்று. எட்டு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் நான் பார்த்து, வடிகட்டி, எலிக்குக் கருவாடு வைத்த அதே தாள்.

"இது கன காலமா இருந்திருக்கவேணும். ஏதாவது தெரிஞ்சதோ, சேர்?" என்று அவர் கேட்டார்.

அவள் நான்காம் நாள் போய்விட்டாள்.

படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேராசிரியர் மறுபடி மரியாதையாக எழுதினார். ஒப்பந்தம் நீடித்தது, அடுத்த கருவி வந்தது, அதற்கு முறையான மேசையும் வந்தது. பழைய கணினியைத் துப்புரவாக்கும்போது உத்தியோகத்தர் என்னிடம் வந்து நின்றார்.

"சேர், எலிப் படமெல்லாம் அழிக்கவா?"

"வேண்டாம். எனக்குப் பிரதி எடுத்துத் தாரும்."

அவர் போகவில்லை. "சேர், ஒண்டு செல்லணும். மேடம் ஒரு நாள் சென்னாங்க, சேர்ர படம் முடிஞ்சாத்தான் கிளினிக்குக்குப் போறதெண்டு. நான் பல்லுக் கிளினிக்கெண்டு நெனச்சேன். கேக்கல்ல சேர்." அவர் வாயை மூடிக்கொண்டதை நான் அன்றுதான் முதன்முறை பார்த்தேன்.

முப்பது வருடம் தாதியாக இருந்தவள். தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கத் தெரிந்தவள். நாளொன்றுக்கு நாற்பது நோயாளிகளை நேரத்துக்கு மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவள். என் படம் முடியட்டும் என்று புடைவைக் கடைக் கண்ணாடி முன் நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் முதலில் வருவது எரிச்சல்தான். சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். அந்தப் பிரதிகளை அடிமட்டம் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். முதலாவது கோப்பிலேயே எல்லாம் இருக்கிறது. ஐந்தாம் மாதம் வெறுமைகள் நீளுகின்றன. நான் அந்த மாதக் குறிப்பில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: "எலித் தொல்லை அதிகம்."

அம்மியை அவிழ்த்து ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். சாவடியில் அதே சிப்பாய். குனிந்து கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எனக்குப் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தான். விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான்.

"லே நோனா கோ?"

எனக்கு மூன்று மொழி தெரியும். அவன் கேட்காத அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.